கசாப்புக் கிழமை

மலேசியாவில், பாலோ என்ற ஊரில் ஸ்டெஃபனிக்கு மூன்று சித்திகள். மூன்று பேருக்கும் ஒரே கேள்விதான் தெரியும்: "எப்பம்மா படிச்சு முடிப்ப?" அவள் முனைவர் பட்டம் வாங்கி ஐந்து வருடம் ஆகப் போகிறது. போஸ்ட்டாக் என்றால் படிப்பு இல்லை, வேலை என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்லிப் பார்த்தாள். "அப்ப ஏன் ஒவ்வொரு வருசமும் வேலை இருக்குமோ இருக்காதோன்னு சொல்ற?" என்று கேட்டார்கள். சித்திகள் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை.

போஸ்ட்டாக் என்பது பெண் பார்த்து, பிடித்துப்போய், தேதி மட்டும் குறிக்காமல் இழுத்தடிக்கும் சம்பந்தம் மாதிரி. ஆராய்ச்சி முழுவதையும் செய்ய வேண்டும், கட்டுரை எழுத வேண்டும், மாணவர்களின் தலையெழுத்தையும் திருத்த வேண்டும். ஒப்பந்தம் மட்டும் ஒரு வருடம், அப்புறம் இன்னொரு வருடம், அப்புறம் "பார்ப்போம்" என்று போகும். ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி அப்படித்தான் இருந்தாள். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தை அடியிலிருந்து அரித்துக் கொல்லும் ஒரு காளான் இருக்கிறது. மரத்தின் காலடியில் காளான் பூத்து நம் கண்ணுக்குத் தெரியும்போது மரம் உள்ளே பாதி செத்திருக்கும். அதற்கு முன்பே, இலையைக் கசக்கிச் சாறெடுத்துப் பார்த்து, நோய் வந்துவிட்டதா என்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் பல்கலைக்கழகத்தின் புது மையத்தில் ஒரு போஸ்ட்டாக் இடம் வந்தது. மூன்று வருடம், முழுச் சம்பளம், அதற்குப் பிறகு விரிவுரையாளர் ஆவதற்கும் வழி உண்டு. இப்படி ஒன்று வருமா என்று ஆளாளுக்கு ஏங்கிக் கிடந்த இடம். ஆனால் ஒரு நிபந்தனை. பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்கள்தான் விண்ணப்பிக்கலாம். ஸ்டெஃபனிக்கு டிசம்பரோடு அந்தக் கெடு முடிகிறது. இது போனால் அவளுக்கு இன்னொரு போஸ்ட்டாக் கிடையாது.

நேர்முகத்துக்கு இரண்டு பேரைத்தான் கூப்பிட்டார்கள். ஒன்று ஸ்டெஃபனி. இன்னொன்று அவளுடைய பக்கத்து மேசை ஃபரீஹா.

ஃபரீஹா போன வருடம்தான் பட்டம் முடித்தவள். குளுவாங்கில் அவள் அத்தா உதுமான் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்த முதல் நாளிலிருந்தே "அக்கா, அக்கா" என்று ஸ்டெஃபனியின் பின்னாலேயே சுற்றியவள். மண்ணில் இருக்கும் ஒரு நல்ல பூஞ்சையை மரத்தடியில் போட்டால் கெட்ட காளான் அண்டாது என்பது அவளுடைய ஆராய்ச்சி. அந்தப் பூஞ்சையை வளர்க்கக் கற்றுக்கொடுத்ததே ஸ்டெஃபனிதான். இப்போது ஒரே சாப்பாட்டு இலைக்கு இரண்டு பேர் உட்கார்ந்தாகிவிட்டது.

இவர்கள் இருவருக்கும் தலைவி பேராசிரியர் கஸ்தூரி. "ரெண்டு பேரும் என் பிள்ளைங்க, நான் தேர்வுக் குழுவுல உட்கார மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஆனால் கசாப்பை மட்டும் அவர் விடவில்லை.

கசாப்பு என்பது அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் வழக்கம். யார் நேர்முகத்துக்குப் போனாலும் அதற்கு முந்தைய திங்கட்கிழமை, கூட்டாளிகள் முன்னால் நின்று தன் ஆராய்ச்சியைப் பேசிக் காட்ட வேண்டும். கேட்பவர்களுக்கு விதி இரண்டு. ஒருவரும் பாராட்டக் கூடாது. ஆளுக்கு ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும், அதுவும் வலிக்கிற கேள்வியாக. கஸ்தூரி வாயே திறக்க மாட்டார், பின் வரிசையில் உட்கார்ந்து கடலை தின்பார். பல வருடத்துக்கு முன் அவருடைய முதல் மாணவனை எல்லாரும் "சூப்பர் லா" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார்களாம். நேர்முகத்தில் ஒருவர் கேட்ட முதல் கேள்வியிலேயே அவன் உட்கார்ந்துவிட்டானாம். அன்று வந்த கோபத்தில் உண்டான வழக்கம் இது. "வெட்டுறது நம்ம ஆளுங்களா இருந்தா தையல் போட நேரம் கிடைக்கும்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து ஸ்டெஃபனி கணினியைத் திறந்தபோது, ஃபரீஹா தன் படங்களை எல்லாருக்கும் அனுப்பியிருந்தாள். எல்லாம் நன்றாக இருந்தன. ஆறாவது படத்தில் ஒரு வரைபடம் இருந்தது. பாலோ பக்கத்துத் தோட்டத்தில் எந்தெந்த பிளாக்கில் பூஞ்சை போட்டாள், எதில் போடவில்லை என்று நிறம் தீட்டிக் காட்டியிருந்தாள். ஸ்டெஃபனி அதைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

அது அவள் பிறந்து வளர்ந்த தோட்டம். அவள் அப்பா மரியநாதன் அங்கேதான் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தார். பூஞ்சை போட்ட பிளாக் எல்லாம் சர்ச்சுக்குக் கீழே இருக்கும் பள்ளம். அவள் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது அங்கே நின்றது செம்பனை இல்லை, பால்மரம். ரப்பரை வெட்டிவிட்டு முதல் முறையாகச் செம்பனை போட்ட மண் அது. சாலைக்கு எதிர்ப்புறம் பூஞ்சை போடாத பிளாக். அங்கே செம்பனையை வெட்டி மறுபடியும் செம்பனையே நட்டார்கள். இந்தக் காளான் பழைய செம்பனைக் கட்டைகளில் உயிரோடு கிடந்து புது மரத்துக்குத் தாவுகிற சாதி. பால்மரம் நின்ற மண்ணில் அது இயல்பாகவே குறைவு. அப்படியென்றால் ஃபரீஹாவின் மரங்கள் பிழைத்தது அவள் போட்ட பூஞ்சையாலா, இல்லை அந்த மண்ணாலா?

இந்த ஒரு கேள்வியை வியாழக்கிழமை நேர்முகத்தில் யாராவது கேட்டால் ஃபரீஹா அவ்வளவுதான். செம்பனை தெரிந்த எவரும் கேட்பார்கள்.

அவள் கணவன் கால்வின் சிங்கப்பூரில் ஷிப்ட் முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வந்து சேர்ந்தபோது, மனைவி ரசத்தைக் கொதிக்கவிட்டு வெறித்துக்கொண்டு நின்றாள். விஷயத்தைக் கேட்டான். அடுப்பை அணைத்தான்.

"கேட்காத லா," என்றான். "உன்ன பொய் சொல்லச் சொல்லல. யாரையும் கவுக்கச் சொல்லல. சும்மா இரு. ஏதாவது வேற கேள்வி கேளு."

"அது கசாப்பு இல்ல கால்வின்."

"அவளுக்கு இன்னும் நாலு வருசம் இருக்கு. உனக்கு இருக்கா?"

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை, அதுதான் எரிச்சல். ஸ்டெஃபனி பிழிந்த துணியாட்டம் முகத்தை வைத்துக்கொண்டு ரசச் சோற்றைச் சாப்பிட்டாள். அந்த இடம் அவளுக்கு வேண்டும். ஆசை என்று மெல்லமாகச் சொல்ல ஒன்றுமில்லை, வெறியாகவே வேண்டும். ஃபரீஹா தோற்றால்கூடப் பரவாயில்லை என்கிற அளவுக்கு வேண்டும். அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டாள், வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடியும் அதையே நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஃபரீஹா, மத்தியானம் ஸ்டெஃபனி என்று சீட்டுப் போட்டதில் வந்தது.

ஃபரீஹா நன்றாகப் பேசினாள். குரல் நடுங்கவில்லை. முதுகலை மாணவன் ஜீவன் ஏதோ செலவைப் பற்றிக் கேட்டான். இன்னொரு மாணவி லோஷினி புள்ளிவிவரத்தில் ஒரு குட்டு வைத்தாள். இரண்டுக்கும் டாண் டாண் என்று பதில் வந்தது. கஸ்தூரி கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார். ஸ்டெஃபனியின் முறை வந்தது. கடைசி நொடி வரைக்கும் மழை நாளில் பூஞ்சை கரைந்து போகாதா என்ற சப்பைக் கேள்வியைத்தான் கையில் வைத்திருந்தாள். ஃபரீஹா நோட்டும் பேனாவுமாகத் தன்னைப் பார்ப்பதைக் கண்டாள். அந்தப் பார்வையில் பயமே இல்லை. அக்கா கேட்டால் சரியாகத்தான் கேட்பாள் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது. அதைப் பார்த்ததும் ஸ்டெஃபனிக்குக் கோபம்தான் வந்தது. கோபத்திலேயே வாய் திறந்தாள்.

"நீ பூஞ்சை போட்ட பிளாக்ல முன்ன என்ன மரம் இருந்துச்சு?"

"செம்பனைதானே அக்கா?"

"பால்மரம். எதிர்ப்பக்கம்தான் பழைய செம்பனை மண்ணு. உன் மரம் உன் பூஞ்சையால பொழைக்கல, ரப்பர் மண்ணுல நின்னதால பொழச்சுதுன்னு நான் சொல்றேன். இல்லன்னு காட்டு."

கடலை உடைக்கும் சத்தம் நின்றது. ஃபரீஹாவின் முகம் வெளுத்துப்போனது. நோட்டில் கேள்வியை எழுதிக்கொண்டாள். "தெரியல அக்கா," என்றாள். விதிப்படி தெரியவில்லை என்று சொல்லலாம். சொன்னதும் உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடக் கெண்டினுக்குப் போனபோது அவள் வரவில்லை. ஸ்டெஃபனி நாசி லெமாக் சோற்றைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள். என் சொந்தக் கையால் என் எதிராளிக்குக் கத்தி தீட்டிக் கொடுத்துவிட்டேனே என்று ஒரு பக்கம். பிள்ளையை எல்லார் முன்னாலும் அடித்துவிட்டேனே என்று இன்னொரு பக்கம். இனி என் முறை வரும்போது அவள் என்னைச் சும்மா விடுவாளா என்ற பயம் வேறு.

அவள் சும்மாதான் விட்டாள். ஸ்டெஃபனி பேசி முடித்ததும் ஜீவன் கேட்டான், லோஷினி கேட்டாள், ஃபரீஹா எழுந்து, "அக்கா, இந்த முறைய சின்னத் தோட்டக்காரங்க சொந்தமா செஞ்சு பார்க்க முடியுமா?" என்றாள். பால் பாயசம் மாதிரி ஒரு கேள்வி. ஸ்டெஃபனி பெருமூச்சு விட்டு நீளமாகப் பதில் சொன்னாள். பின் வரிசையில் கஸ்தூரி ஃபரீஹாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வலிக்காத கேள்வி என்று தெரிந்தும் அவர் வாய் திறக்கவில்லை. அது அவர் போட்ட விதி, அதை மீறியிருந்தால்தான் என்ன என்று இந்தக் கதையைச் சொல்கிறவனுக்கு இன்றைக்கும் அவர்மேல் ஒரு கோபம் உண்டு.

வியாழக்கிழமை நேர்முகத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த வெள்ளை முடிக்காரப் பேராசிரியர் ஒருவர் ஸ்டெஃபனி பேசுவதைக் கடைசி வரைக்கும் அமைதியாகக் கேட்டார். பிறகு மிக மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். உங்களுடைய நோயில்லாத மரங்கள் எல்லாம் இளசு. நோய் வந்த மரங்கள் எல்லாம் கிழடு. உங்கள் இலைச்சாறு நோயைக் காட்டுகிறதா, மரத்தின் வயதைக் காட்டுகிறதா?

ஸ்டெஃபனி வருடக்கணக்காகப் பார்த்த மரங்கள், நோய் மரத்துக்குச் சிவப்பும் நல்ல மரத்துக்குப் பச்சையுமாக அவள் கையாலேயே கட்டிய நாடா. வீட்டில் தினமும் பார்க்கும் சுவரில் விரிசல் கண்ணுக்குப் படாத மாதிரி அது அவளுக்குப் படவே இல்லை. ஏதோ சொன்னாள். அது பதில் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. அவர் நன்றி என்றார்.

வெளியே வந்து கார் கதவைத் திறக்கும்போது பதில் வந்தது. சிம்பாங் ரெங்கம் தோட்டத்தில் ஒரே வருடத்தில் நட்ட இரண்டு பிளாக் இருக்கிறது. அங்கேயும் இலை எடுத்திருந்தாள். அதை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால் வயது என்ற பேச்சே எழாது. எல்லாம் அவள் கணினியிலேயே கிடந்தது. ஒரு சாயங்கால வேலை. யாராவது திங்கட்கிழமை கேட்டிருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. இடம் ஃபரீஹாவுக்கு. அவள் ஏற்காவிட்டால் ஸ்டெஃபனிக்கு.

மண்ணைப் பற்றி அவளிடமும் கேட்டார்களாம். கேட்டதும், எதிர்ப்புறப் பழைய செம்பனை மண்ணில் முன்பு சோதனைக்காகப் பூஞ்சை போட்டு, கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்த சின்னத் துண்டு ஒன்றைக் காட்டினாளாம்; திங்கட்கிழமைக்குப் பிறகுதான் அதைத் தேடியெடுத்தாளாம். அங்கேயும் மரம் பிழைத்திருக்கிறது, ஆனால் முன்பு சொன்ன அளவுக்கு இல்லை, மண்ணுக்கும் பங்கு உண்டு, அதைப் பிரித்து அறியத்தான் இந்த மூன்று வருடமும் வேண்டும் என்றாளாம். குழு அசந்துபோனதாக லோஷினி வந்து சொன்னாள். ஸ்டெஃபனி "நல்லது" என்றாள். சாயங்காலம் வரை கண்ணாடிக் குப்பிகளைக் கழுவினாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள்.

சனிக்கிழமை அவள் அப்பாவைப் பார்க்கப் பாலோவுக்குப் புறப்பட்டாள். வழியில், 'கடைக்கு வாங்க அக்கா, பேசணும்' என்று ஃபரீஹாவிடமிருந்து செய்தி வந்தது. போகாமல் இருக்கத்தான் நினைத்தாள். ஆனால் குளுவாங்கைத் தாண்டாமல் பாலோ போக முடியாதே.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரம். உதுமானே தே தாரிக் டீயை ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார். "நீங்க கேட்ட கேள்வியாலதான் வேலை கிடைச்சதுன்னு மக சொன்னாம்மா. நல்லா இருக்கணும் நீங்க," என்று மனசார வாழ்த்திவிட்டுக் கல்லாவுக்குப் போனார். பாவம், அவருக்கு மிச்சம் தெரியாது. ஸ்டெஃபனி கிளாஸைப் பிடித்துக்கொண்டாள், சூடு தெரியவில்லை.

எதிரே உட்கார்ந்த ஃபரீஹாவின் கண் வீங்கியிருந்தது.

"உங்கள்ட்ட வயசப் பத்திக் கேட்டாங்களாமே அக்கா."

"ஆமா."

"எனக்குத் தெரியும். மரத்துல நாடா கட்டும்போது நானும்தானே கூட வந்தேன். போன வருசமே தோணுச்சு."

ஸ்டெஃபனி தலையைத் தூக்கினாள். "தெரிஞ்சா பாயசக் கேள்வி கேட்ட?"

"எல்லார் முன்னாடியும் உங்கள எப்படிக்கா கேட்கிறது? ஜீவன் இருக்கான், நேத்து வந்த பிள்ளைங்க இருக்கு. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவங்க நீங்க. மரியாதைன்னு நினைச்சேன்." மேசையில் சிந்தியிருந்த டீயை விரலால் துடைத்தாள். "இப்ப யோசிச்சா அது மரியாதையா, அன்னைக்குக் காலைல நீங்க கேட்டதுக்குக் கோவமா, இல்ல வேலை எனக்குக் கிடைக்கணும்னா, எனக்கே தெரியல. மூணும் இருந்துச்சோ என்னமோ. நான் வேண்டாம்னு எழுதிடுறேன். அடுத்து நீங்கதானே. உங்களுக்கு இனி வராது, எனக்கு வரும்."

ஐயோ, அலமாக்! ஒரு சொல் போதும். 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் மூன்று வருடம், சம்பளம், விரிவுரையாளர் வேலை எல்லாம் கிடைக்கும், சித்திகளின் வாயும் அடங்கிவிடும். ஸ்டெஃபனி அந்தச் சொல்லை நாக்கு நுனி வரைக்கும் கொண்டுவந்தாள். அதை மறைத்து அவளை உத்தமியாக்க வேண்டியதில்லை. கல்லாவில் உதுமான் யாருக்கோ சில்லறை கொடுத்தபடி மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"எழுதாத," என்றாள். "கேள்வி என்னுது, பதில் உன்னுது. வேலை பதிலுக்குத்தான் கொடுத்தாங்க."

"அக்கா..."

"நீ வேலைய எடுத்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல. கேட்காம விட்டதுக்குத்தான். வெளிய எவனோ கேட்டான்டி. நீ கேட்டிருக்கணும். மரியாதைன்னா அதுதான் மரியாதை." குரல் உயர்ந்ததும் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஸ்டெஃபனி குரலைத் தாழ்த்தினாள். "இப்ப கேளு."

"இப்பவா?"

"இப்பதான். எழுந்து நின்னு கேளு, கசாப்புல நிக்கிற மாதிரி."

ஃபரீஹா நிஜமாகவே எழுந்து நின்றாள். வயதைப் பற்றிக் கேட்டாள். ஸ்டெஃபனி சிம்பாங் ரெங்கத்தின் இரண்டு பிளாக்கையும் மேசைத் தட்டில் இருந்த இரண்டு கறிபஃப் பலகாரங்களை வைத்து விளக்கினாள். நேற்று ராத்திரியே பிரித்துப் பார்த்திருந்தாள். வேலை போன பிறகும் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. ஒரே வயது மரங்களிலும் இலைச்சாறு நோயைத்தான் காட்டியது. சொல்லச் சொல்ல முகம் தெளிந்தது. வியாழக்கிழமை இப்படிப் பேசியிருந்தால் குழு என்ன செய்திருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது, இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

ஃபரீஹா உட்காரவில்லை. நெற்றியைச் சுருக்கினாள். குரலில் இப்போது கெஞ்சல் இல்லை.

"சரி அக்கா, வயசு இல்லன்னு ஒத்துக்கிறேன். ஆனா நோய் வந்த மரத்துக்குத் தண்ணி சரியா ஏறாது. மழையில்லாத மாசத்துல நல்ல மரமும் அப்படித்தான் வாடும். உங்க இலை காட்டுறது காளானையா, தாகத்தையா? எப்படிப் பிரிப்பீங்க?"

ஸ்டெஃபனியிடம் பதில் இல்லை. எங்கேயும் இல்லை, எந்தக் கணினியிலும் இல்லை. நாலரை வருடத்தில் அவளிடம் யாரும் கேட்டதிலேயே உருப்படியான கேள்வி அதுதான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போனதற்கு அதுவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், சாப்பாட்டுக் கடையில் நாலு பேர் பார்க்கத் தேம்பித் தேம்பி அழுதாள்.

ஃபரீஹா தோளைத் தொடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மேசையில் கிடந்த டிஷ்யூவை மட்டும் நகர்த்தி வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றாள். அழுகை ஓயும் வரைக்கும் காத்திருந்தாள்.

"அக்கா," என்றாள், "பதில் இன்னும் சொல்லல."